அணு மருத்துவக் கழிவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளிலிருந்து வெளியேறும் கதிரியக்கக் கழிவு பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளிவந்த கடிதத்தைப் படித்தேன். அதை எழுதிய அன்பர், புற்றுநோயாளிகளின் உடலில் செலுத்தப்படும் கதிரியக்க மருந்து கழிவுநீர் வழியாகக் கடலில் கலந்து இலட்சக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும் என்றும், ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் நடந்தது நாளை பினாங்கிலும் நடக்கும் என்றும் எச்சரித்திருந்தார். கதிரியக்க மருந்தைக் கொண்டு நோயைக் கண்டறிந்து சிகிச்சையும் தருகின்ற அணு மருத்துவப் பிரிவில், அரசாங்க மருத்துவமனையொன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அவருடைய கவலையில் ஒரு பாதி முற்றிலும் நியாயமானது. மற்றொரு பாதி இடம் மாறி நிற்கிறது. தவறான பாதியைச் சுட்டிக்காட்டி, நியாயமான பாதிக்கும் பதில் சொல்லாமல் அதிகாரிகள் நழுவிவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புக்கிட் மேராவைப் பற்றி நம் வட்டார வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது எதுவும் இல்லை. வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற கழிவு மணலில் இருந்த தாதுப்பொருளிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்த ஆலை, தோரியம் கலந்த கழிவைக் குடியிருப்புகளுக்கு அருகே விட்டது. மக்கள் தொடுத்த வழக்கில் 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அந்தப் போராட்டத்தில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் சகாபாட் ஆலாம் மலேசியா என்னும் சுற்றுச்சூழல் அமைப்பும் மக்களுக்குத் துணை நின்றன. ஆகவே கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் வடமாநிலத்து மக்களுக்கு நெஞ்சு படபடப்பதை அறியாமை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் தோரியத்தையும் மருத்துவமனை மருந்தையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஒரு கதிரியக்கப் பொருளில் பாதி சிதைந்து தீர்வதற்கு ஆகும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். தோரியம்-232இன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். உலகெங்கும் அணு மருத்துவப் பரிசோதனைகளில் பத்தில் எட்டுக்குப் பயன்படுகின்ற டெக்னீசியம்-99எம் என்னும் பொருளின் அரை ஆயுள் ஆறே மணி நேரம். பத்து அரை ஆயுள் கடந்தால் எந்தப் பொருளும் தொடக்க அளவில் ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும் என்பதால், திங்கட்கிழமை காலையில் எலும்பு ஸ்கேனுக்காக ஊசி போட்டுக்கொண்டவரின் உடலிலும் அவர் பயன்படுத்திய கழிப்பறையிலும் அந்தக் கதிரியக்கம் புதன்கிழமை இரவுக்குள் பெயரளவுக்கே எஞ்சியிருக்கும்.

இலட்சக்கணக்கான ஆண்டுகள் என்று அன்பர் எழுதியதற்கும் ஓர் அடிப்படை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டெக்னீசியம்-99எம் சிதையும்போது டெக்னீசியம்-99 ஆக மாறுகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 2,11,000 ஆண்டுகள். கேட்பதற்கு அச்சமூட்டுகின்ற எண்தான். ஆனால் அவ்வளவு மெதுவாகச் சிதைகின்ற பொருள் ஒவ்வொரு வினாடியும் மிகச் சிறிதளவே கதிர்வீசும். எலும்பு ஸ்கேனுக்குச் செலுத்தப்படும் 740 மெகாபெக்கரெல், அதாவது வினாடிக்கு 74 கோடி சிதைவுகள், கடைசியில் சில பெக்கரெல் அளவுள்ள டெக்னீசியம்-99 ஆக முடிகிறது. மருத்துவமனைப் பக்கமே போகாத ஒரு பெரியவரின் உடலில், அன்றாட உணவிலிருந்து சேர்ந்த பொட்டாசியம்-40 மட்டுமே சுமார் 4,000 பெக்கரெல் இருக்கிறது. ஸ்கேன் எடுக்கும் நோயாளிகளால் கடல் நஞ்சாகும் என்ற வாதம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சிகிச்சை முடித்து வீடு திரும்பிய ஒரு பெண்மணியை, வாடகை அறையைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரைப் பற்றி நான் பணியிலிருந்தபோது கேள்விப்பட்டிருக்கிறேன்.

நியாயமான பாதி அயோடினில் தொடங்குகிறது. தைராய்டு புற்றுநோய்க்கும் தைராய்டு மிகைச்சுரப்புக்கும் தரப்படும் அயோடின்-131இன் அரை ஆயுள் எட்டு நாள்கள். பரிசோதனைக்குத் தரும் அளவோடு ஒப்பிட்டால் சிகிச்சைக்குத் தரும் அளவு பன்மடங்கு அதிகம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இதை உட்கொள்ளும் புற்றுநோயாளியின் உடலிலிருந்து அதன் பெரும்பங்கு முதல் இரண்டு நாள்களிலேயே சிறுநீர் வழியாக வெளியேறிவிடும். அதனால்தான் அவரைத் தனி அறையில் தங்கவைக்கிறார்கள். அந்த அறையின் கழிப்பறைக் குழாய் பொதுச் சாக்கடையில் சேராமல், தேக்கத் தொட்டி என்று நாங்கள் சொல்லும் பெரிய கொள்கலத்துக்குப் போகும்படி அமைக்கிறார்கள். தொட்டி நிறைந்ததும் அடைத்துவைத்து, கதிரியக்கம் தேய்ந்த பிறகு, அளந்து பார்த்துத் திறந்துவிட வேண்டும். பத்து அரை ஆயுள் என்று கணக்கிட்டால் எண்பது நாள்கள். இதில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. போதிய கொள்ளளவும் பொறுமையும் இருந்தால் போதும்.

நடைமுறையில் நெருக்கடி வருவதும் அந்தக் கொள்ளளவில்தான். கழிப்பறையில் ஒவ்வொரு முறை நீர் விடும்போதும் தொட்டியில் பல லிட்டர் சேர்கிறது. நோயாளிகளுக்கோ, உடலிலிருந்து மருந்து விரைவாக வெளியேற நிறைய தண்ணீர் குடியுங்கள், நீரை இருமுறை இறைத்துவிடுங்கள் என்று நாமே அறிவுரை சொல்கிறோம். ஆண்டுக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டுக் கட்டிய தொட்டிக்கு நோயாளிகள் எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும்? காத்திருப்போர் பட்டியல் நீளும், அல்லது தொட்டியில் தேக்கிவைக்கும் காலம் குறையும். முதலாவது நோயாளிக்குக் கேடு, இரண்டாவது கழிவுநீரைக் கையாளுபவர்களுக்குக் கேடு. புதிதாகப் புற்றுநோய்ப் பிரிவு கட்டுகின்ற எந்த மருத்துவமனையும், அது அரசாங்கமோ தனியாரோ, கருவி வாங்குவதற்கு முன் இந்தத் தொட்டிக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு அதன் அடியில் தொட்டி வைப்பது எவ்வளவு செலவு என்பதைக் கட்டுமானத் துறையில் இருக்கும் நம்மவர்கள் அறிவார்கள்.

தைராய்டு மிகைச்சுரப்புக்காகக் குறைந்த அளவு அயோடின் பெறுகிறவர்கள் அன்றே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய கழிவு வீட்டுக் குழாய் வழியாகப் பொதுக் கழிவுநீரில் சேரும். பன்னாட்டு விதிமுறைகள் இதை அனுமதிக்கின்றன, பெருமளவு நீரில் கலந்து நீர்த்துப்போவதால் பொதுமக்களுக்கு வரக்கூடிய கதிர்வீச்சு மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் குடிநீர் ஆதாரமான ஆற்றுநீரில் அயோடின்-131 தென்பட்டு, ஆராய்ந்து பார்த்தபோது தைராய்டு நோயாளிகளின் கழிவே அதற்குக் காரணம் என்று தெரியவந்தது. கழிவுநீர் நிலையங்களில் அயோடின் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது; எனவே இப்படிப்பட்ட கணக்குகளில் எப்போதும் முதலில் பார்க்கப்படுபவர்கள் கழிவுநீர்த் தொழிலாளர்கள்தாம். பினாங்குத் தீவின் கழிவுநீரில் பெரும்பகுதி ஜெலுத்தோங் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. அங்கே அளவு மீறியிருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. அங்கே சேற்றை வாரும் தொழிலாளியும் அவர் குடும்பமும் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஓர் எண் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இனி வரப்போகின்ற சிகிச்சைகளைப் பற்றி அன்பர் குறிப்பிடவில்லை. எனக்கோ அங்கேதான் கவலை அதிகம். லுட்டீசியம்-177 என்னும் பொருளைக் கொண்டு, ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்களில் தோன்றும் நரம்பு நாளமில்லாக் கட்டிகளுக்கான மருந்துக்கு 2018இலும், முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்துக்கு 2022இலும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. வேறு வழியில்லை என்று கைவிடப்பட்ட சிலருக்கு இது மேலும் சில காலம் நல்ல வாழ்வைத் தந்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. லுட்டீசியம்-177இன் அரை ஆயுள் ஏழு நாளுக்கும் குறைவு. அப்படியானால் சிக்கல் எங்கே? அதைத் தயாரிக்க இரண்டு வழிகள் உள்ளன. லுட்டீசியம்-176ஐ அணு உலையில் வைத்து நேரடியாகத் தயாரிப்பது ஒரு வழி. இட்டெர்பியம்-176இலிருந்து தயாரித்துப் பின்னர் லுட்டீசியத்தைப் பிரித்தெடுப்பது மற்றொரு வழி. முதல் வழியில் லுட்டீசியம்-177எம் என்ற இன்னொரு வகையும் சிறிதளவு கலந்து வருகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 160 நாள்கள். பத்து அரை ஆயுள் என்றால் நான்கு ஆண்டுகளுக்கும் மேல். இரண்டு மாதம் வைத்திருந்து வழக்கமான மருத்துவக் கழிவோடு அனுப்பிவிடலாம் என்று நினைத்த குப்பிகளையும் கையுறைகளையும் ஆண்டுக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டிய நிலை இதனால் வருகிறது. இரண்டாம் வழியில் இந்தக் கலப்புச் சிக்கல் இல்லை.

ஆகவே மருந்து வாங்கும் ஒப்பந்தப் புள்ளியில் விலையை மட்டும் பார்க்கும் அதிகாரி, தம்மை அறியாமலேயே ஒரு சுற்றுச்சூழல் முடிவை எடுத்துவிடுகிறார். கழிவை எத்தனை ஆண்டு, எந்த அறையில், யார் பொறுப்பில் வைத்திருக்கப்போகிறோம் என்ற செலவையும் அந்த விலையோடு கூட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். புற்றுநோய் சிகிச்சைக்கு அடுத்து வந்துகொண்டிருக்கிற ஆக்டினியம்-225 என்னும் பொருளுக்கும் இதே கேள்வி பொருந்தும்: தோரியத்தைத் துகள் முடுக்கியில் அதிவேகத் துகள்களால் தாக்கி அதைத் தயாரிக்கும்போது ஆக்டினியம்-227 சிறிதளவு சேர்ந்துகொள்கிறது, அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 22 ஆண்டுகள். புதிய மருந்து வருகிறது என்று நாளிதழில் செய்தி வரும்போது, அது எந்த வழியில் செய்யப்பட்டது என்று நிருபர்கள் ஒரு கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும்.

நம் கண்ணுக்கே படாத சுமை ஒன்றும் உண்டு. டெக்னீசியம்-99எம், மாலிப்டினம்-99 சிதைவதால் கிடைக்கிறது. அந்த மாலிப்டினம், உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆராய்ச்சி உலைகளில் யுரேனியத்தைப் பிளந்து தயாரிக்கப்படுகிறது. நெதர்லாந்தின் பெத்தன் உலை 1961இலும் தென்னாப்பிரிக்காவின் சஃபாரி உலை 1965இலும் இயங்கத் தொடங்கியவை. நம் பாங்கியில் 1982 முதல் இயங்கிவரும் புஸ்பாத்தி உலை 1 மெகாவாட் திறனுள்ள ஆராய்ச்சி உலை. பெருமளவில் மாலிப்டினம் தயாரிப்பது அதன் வேலையன்று. யுரேனியம்-235இல் நிகழும் நூறு பிளவுகளில் ஆறு மட்டுமே மாலிப்டினம்-99ஐத் தருகின்றன. பிளப்பதற்காக உலையில் வைத்த யுரேனியத்தின் மிகப் பெரும்பகுதி பயன்படாமலே கழிவோடு நிற்கிறது. அணுகுண்டுக்கு உதவக்கூடிய உயர்செறிவு யுரேனியத்தை இந்தத் தொழிலிலிருந்து விலக்க உலக நாடுகள் பல ஆண்டுகள் பாடுபட்டு, அண்மையில்தான் பெரிய உற்பத்தியாளர்கள் அனைவரும் குறைசெறிவு யுரேனியத்துக்கு மாறி முடித்தார்கள். வரவேற்கவேண்டிய மாற்றம், ஆனால் அதே அளவு மருந்துக்குக் கூடுதல் யுரேனியம் தேவைப்படுவதால் கழிவும் கூடியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கழிவு எங்கே போகிறது? ஆஸ்திரேலியாவில் அணு மருத்துவத்தின் பெயரைச் சொல்லித்தான் தேசியக் கழிவு நிலையத்துக்கு இடம் தேடினார்கள். தென் ஆஸ்திரேலியாவின் கிம்பா ஊருக்கு அருகே இடம் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அந்த மண்ணின் பூர்வகுடிகளான பார்ங்கர்லா மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2023இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்து, அரசாங்கம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பெல்ஜியத்தின் ஃப்ளூரூஸ் நகரில் மருத்துவத்துக்கான கதிரியக்கப் பொருள்களைத் தயாரிக்கும் நிலையமொன்றின் புகைபோக்கி வழியாக 2008 ஆகஸ்டில் அயோடின்-131 கசிந்து, சுற்றுவட்டார மக்கள் தங்கள் தோட்டத்துக் காய்கறிகளைச் சாப்பிட வேண்டாம் என்று அறிவிக்க நேர்ந்தது. மாலிப்டினத்தை உள்ளே வைத்து, டெக்னீசியத்தை வடித்தெடுப்பதற்காக நாம் வாங்கும் ஜெனரேட்டர் என்னும் கலம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அதன் கழிவு அந்த நாட்டில் யாரோ ஒருவருடைய ஊரில் தங்கிவிடுகிறது. புக்கிட் மேராவை மறக்காத நாம் கிம்பாவையும் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

இதனால் ஸ்கேனை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்கிய மருந்தை வீணாக்காமல் இருப்பதே நம் கையில் இருக்கும் முதல் வேலை. மாலிப்டினம்-99இன் அரை ஆயுள் 66 மணி நேரம். விமானத்திலும் சுங்கத்திலும் கழியும் ஒவ்வொரு நாளும் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடும். பெட் ஸ்கேனுக்கான ஃப்ளோரின்-18 இன்னும் அவசரக்காரன், அதன் அரை ஆயுள் 110 நிமிடங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியில் தயாரித்து நெடுஞ்சாலை வழியாக நான்கு மணி நேரத்தில் பினாங்குக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொண்டால், புறப்பட்ட அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமே வந்துசேரும். அப்படி வந்த மருந்து காத்திருக்கும்போது நோயாளி வராவிட்டால், அதை மறுநாளுக்கு எடுத்துவைக்க முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. வர இயலாவிட்டால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால், அந்த மருந்து காத்திருப்போர் பட்டியலில் உள்ள இன்னொருவருக்குப் பயன்படும்.

மருத்துவமனைகளின் பங்கும் உண்டு. கனடாவின் சாக் ரிவர் உலை 2009 மே மாதம் முதல் 2010 ஆகஸ்டு வரை நின்றுபோய், அதற்கிடையே பெத்தன் உலையும் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டபோது, உலகெங்கும் அணு மருத்துவப் பிரிவுகள் ஒரே வகைப் பரிசோதனைகளை ஒரே நாளில் சேர்த்து நடத்தவும், தேவையற்ற ஸ்கேன்களைத் தவிர்க்கவும், குறைந்த அளவு மருந்தில் அதிக நேரம் படமெடுக்கவும் கற்றுக்கொண்டன. தட்டுப்பாடு தீர்ந்ததும் பல இடங்களில் அந்தச் சிக்கனமும் தீர்ந்தது. தனியார் மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனை அரசாங்க மருத்துவமனையில் ஏற்காமல் மறுபடியும் எடுக்கச் சொல்வதைக் குறைத்தாலே எவ்வளவோ மிச்சமாகும்.

கருவிகள் இழுக்கும் மின்சாரம், ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள், காரீயக் கவசங்கள் ஆகியவையும் சுற்றுச்சூழல் கணக்கில் சேரும். இவை அணு மருத்துவத்துக்கு மட்டும் உரிய சிக்கல்கள் அல்ல என்பதால் அவற்றை இங்கே நீட்டவில்லை. பயன்படுத்தி முடித்த ஜெனரேட்டர்களின் காரீயம் தயாரிப்பாளருக்கே திரும்பிச் செல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது.

கடைசியாக, யாரிடம் கேட்பது என்ற கேள்வி. நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிம வழங்கல் சட்டம், அதாவது 304ஆம் சட்டம், கதிரியக்கப் பொருள்களைக் கட்டுப்படுத்துகிறது. 2011இல் கதிரியக்கக் கழிவு மேலாண்மைக்குத் தனி விதிமுறைகளும் வந்தன. மருத்துவப் பயன்பாட்டுக்கு உரிமம் தரும் பொறுப்பு சுகாதாரத் தலைமை இயக்குநருடையது; பிற பயன்பாடுகளை அணுசக்தித் துறை பார்க்கிறது; சாக்கடையில் விழுந்த பிறகு அது கழிவுநீர் நிறுவனத்தின் கவலை. சட்டத்தில் குறையில்லை. ஆனால் ஜெலுத்தோங்கில் குடியிருக்கும் ஒருவர் எந்த முகப்பில் போய்க் கேட்டாலும், அடுத்த முகப்புக்குப் போகச் சொல்லும் அமைப்பாக இது இருக்கிறது. உரிமம் பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையும் தேக்கத் தொட்டியிலிருந்து எப்போது, எவ்வளவு வெளியேற்றியது என்பதை எப்படியும் பதிவு செய்தாக வேண்டும். புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. இருக்கிற பதிவுகளை மாநில வாரியாகத் தொகுத்து, சுகாதார அமைச்சு ஆண்டுக்கொரு முறை வெளியிட்டால் போதும். நம் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேள்வியாக எழுப்பலாம்.

இன்னொரு வேண்டுகோள், இது தங்கள் நாளிதழுக்கே. அயோடின் சிகிச்சை பெற்ற என் உறவினர் ஒருவருக்கு வீட்டில் பின்பற்றவேண்டிய விதிகள் அடங்கிய தாளை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே தந்தார்கள். தோட்டத்தில் வளர்ந்து, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும், இருமுறை நீர் இறைக்க வேண்டும், துணிகளைத் தனியே துவைக்க வேண்டும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மருத்துவர் சொன்ன நாள்வரை நெருங்கக்கூடாது என்பன போன்ற எளிய விதிகள்தாம் அவை. அணு மருத்துவ நிபுணர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்து, அந்த விதிகளைத் தமிழில் ஒரு முழுப்பக்கமாக வெளியிட்டால், வெட்டியெடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். மொழியாக்கத்தில் உதவ நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அணு மருத்துவப் பிரிவு ஊழியர்,
பிறை, பினாங்கு.